ஏழுமலையின் வைரஸ் காணாமல் போன கதை

எங்கள் லேப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இன்னும் ஊசி பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் பூக்கள், முழங்கால் வலிக்குத் தைலம், யாருடைய பேத்தியோ ஆடும் பரதம், எல்லாம் அதில் வரும். போன மாதம் ஒரு செய்தி வந்தது. ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு செல்களைப் பிரித்து எண்ணிப் பார்த்தே, வைரஸால் வரும் கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடலாம் என்று எங்கேயோ ஆராய்ச்சி நடக்கிறதாம். அதற்குக் கீழே, இப்போது லேப்பில் இருக்கும் ஒரு பெண், "விமலா அக்கா, உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டிருந்தாள்.

"எங்க காலத்துல மனுஷனுக்கு ரத்தமே கிடையாதும்மா, நிலக்கரித் தண்ணிதான் ஓடிச்சு" என்று பதில் போட்டேன். எல்லோரும் மஞ்சள் மூஞ்சிகளை அனுப்பிச் சிரித்தார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த மாதிரி ஆராய்ச்சி ஒன்றின் வால் நுனி நெய்வேலியில் எங்கள் மேசையைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால், இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில். அதை எழுது எழுது என்று அரித்தார்கள். எழுதிவிட்டேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி யாருக்கும் பவுடர் பூசவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு. முதல் வருடம் ஊசியைப் பார்த்து நான் பயந்தேன், இரண்டாம் வருடம் என்னைப் பார்த்து மற்றவர்கள் பயந்தார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி, சுரங்கத்தில் வேலை பார்த்த வீட்டுக்காரரோடு நெய்வேலிக்கு வந்தேன். டவுன்ஷிப்பில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை கிடைத்தது. அதன் பிறகு தினமும் காலையில் வரிசை கட்டி வந்த கைகளைக் குத்தியே என் காலம் போயிற்று. முதுகுக்குப் பின்னால் எனக்குக் காட்டேரி என்று பெயர். முகத்துக்கு நேரே லேப் அம்மா. கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்தால் எனக்கு ஆள் யாரென்று தெரியாது. சட்டைக் கையை மடக்கிக் காட்டியிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும்.

எங்கள் லேப்புக்குத் தலைவி டாக்டர் ருக்மணி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். உயரமான ஸ்டூலில் ஏறி, செருப்பைக் கீழே உதறிவிட்டு, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டுதான் மைக்ராஸ்கோப் பார்ப்பார். கோபத்தில் மற்றவர்களுக்கு மரியாதை குறையும். இவருக்குக் கூடும். "ஏய் விமலா, இங்க வா" என்றால் எல்லாம் சுகம். "விமலாங்க" என்று ஆரம்பித்தால் பக்கத்து அறைக்காரர்கள்கூடக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு வார்டிலிருந்து உறைந்துபோன ரத்தத்தை அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா போனை எடுத்து, "ஏனுங்க சிஸ்டர், இது ரத்தமுங்களா, நாவப்பழ ஜாமுங்களா? ஜாம்னா சொல்லிப்போடுங்க, ரொட்டி வாங்கியாறச் சொல்றேனுங்க" என்றார். அந்த நர்ஸ் அரை மணி நேரம் அழுததாகக் கேள்வி.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. எந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தாலும், அதைப் படிப்பதற்கு முன்னால், "ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்பார். ஆளைப் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் பார்ப்பது சமைக்காத அரிசியை ருசி பார்க்கிற மாதிரி என்பது அவர் கட்சி. எனக்கு இது பெரிய தொல்லை. ஆள் எப்படி இருந்தார் என்று எனக்கு எங்கே தெரியும்? நரம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் பாட்டே பாடுவேன்.

அந்த நாட்களில்தான் புதுச்சேரியிலிருந்து ஓர் இளம் டாக்டர் வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய பை, எப்போதும் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர் போன்ற அவசரம். நாங்கள் அவருக்கு ஆராய்ச்சி டாக்டர் என்றே பெயர் வைத்துவிட்டோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் குடியிருக்கும் ஆட்களின் ரத்தம் அவருக்கு வேண்டும். எங்கள் ஊரில் ரத்த தான முகாமுக்குப் பஞ்சமே கிடையாது. தலைவர் பிறந்தாலும் முகாம், நடிகர் பிறந்தாலும் முகாம். அங்கே கொடுக்கும் ரத்தத்தைச் சோதிக்கும்போது சிலருக்கு இந்த வைரஸ் இருப்பது தெரியவரும். அவர்களைத் தனியாக அழைத்துச் சொல்வோம். வீட்டில் உள்ளவர்களையும் சோதித்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுவோம்.

ஆராய்ச்சி டாக்டர் சுவரில் படம் போட்டு விளக்கினார். நான் புரிந்துகொண்ட அளவில் இவ்வளவுதான். இந்த வைரஸ் கல்லீரலில் வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் குடியிருக்கும். அதோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்களும் வருடக்கணக்காக விடாமல் போராடும். மூன்று ஷிப்ட்டும் சேர்த்துப் பார்த்த ஆள் மாதிரி ஒரு கட்டத்தில் அவை களைத்துப்போகும். களைத்த செல்லின் மேல்தோலில் அதற்கென்று ஓர் அடையாளம் முளைக்கும். சண்டைக்காரச் செல்கள் குறையும், சண்டையை அமர்த்துகிற செல்கள் கூடும். கல்லீரலில் புற்றுநோய் தலைகாட்டும்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகப் புரளும். இதை ரத்தத்திலேயே எண்ணிப் பார்த்து முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா என்பதுதான் அவர் ஆராய்ச்சி. செல்களுக்கு நிறம் ஏற்றி, ஒன்றன் பின் ஒன்றாக லேசர் வெளிச்சத்தில் ஓடவிட்டு எண்ணுகிற மெஷின் புதுச்சேரியில் இருந்தது. எங்களிடம் இருந்தது என் ஊசிதான்.

டாக்டரம்மா கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "இதை வெச்சு ஒருத்தருக்குக் கேன்சர்னு சொல்லலாமா தம்பி?"

"இப்போதைக்குச் சொல்ல முடியாது மேடம். சந்தேகம் வேணா படலாம்."

"அப்ப நாங்களும் சந்தேகம் மட்டும் படறோம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இந்த ரத்தத்தை எடுப்பதிலும் அனுப்புவதிலும் உள்ள சள்ளையை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பச்சை மூடி ட்யூப்தான் வேண்டும், உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியிருக்கும். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் குத்தவேண்டும். எடுத்ததும் ட்யூப்பைக் குலுக்கக் கூடாது. குழந்தையைப் புரட்டிப் போடுகிற மாதிரி மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். முக்கியமாக, ஐஸ் ஆகாது. இந்த செல்கள் உயிரோடு போய்ச் சேரவேண்டும். குளிரில் வைத்தால் அவை நடந்துகொள்கிற விதமே மாறிவிடும். அறை வெப்பத்தில் வைக்கவேண்டும், அன்றைக்கே போய்ச் சேரவேண்டும்.

அறை வெப்பம் என்று எழுதியவர் நெய்வேலியில் மே மாதம் இருந்திருக்க மாட்டார். சுரங்கத்துப் பக்கத்திலிருந்து வீசும் காற்றில் துவைத்த துணி கால் மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். முதல் தடவை டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? ரத்தம் வெயிலில் கெட்டுவிடுமே என்று, சொந்தக் காசில் ஐஸ் வாங்கி, ட்யூப்புகளை அதில் புதைத்து, பூப்போலக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆராய்ச்சி டாக்டர் போனில் அழாத குறை. டிரைவரோ, "போன வாரம் எங்க மாமியாருக்கு வஞ்சிரம் மீனு இப்படித்தான் கொண்டுபோனேன், ஒண்ணும் ஆவலியே" என்றார். கடைசியில் எங்கள் வீட்டில் இட்லி வைத்துக்கொண்டு போகும் ஹாட் பேக்கை எடுத்து வந்தேன். ஏசி அறையில் அதைத் திறந்து வைத்து, பஞ்சு மெத்தை போட்டு, ட்யூப்புகளைப் படுக்கவைத்து மூடி அனுப்பினோம். வெளிச்சூடு உள்ளே போகாது, ஏசிக் குளிர்ச்சி வெளியே போகாது. செல்கள் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் அந்த டப்பாவில் வைத்த இட்லியை என் வீட்டுக்காரர் தொடவில்லை.

இப்படி அனுப்பிய ரத்தங்களில் ஒன்று ஏழுமலையுடையது.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் கரியை அள்ளி மேலே போடுவார். நாற்பதைத் தாண்டிய வயது. எதைக் கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார். வயிற்று வலி உண்டா? ஒண்ணுமில்லீங்க. வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய்? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நடிகர் பிறந்தநாள் முகாமில் ரத்தம் கொடுத்து மாட்டிக்கொண்ட ஆள் அவர்.

அவருடைய முதல் ரத்தம் புதுச்சேரி போய் வந்த சில நாளில் ஆராய்ச்சி டாக்டர் போன் செய்தார். களைத்த செல்கள் மிக அதிகம், சண்டைக்காரச் செல்கள் மிகக் குறைவு, தன் பட்டியலிலேயே இதுதான் மோசம் என்றார். கல்லீரல் புற்றுநோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் ஏஎஃப்பி என்ற பரிசோதனை எங்கள் லேப்பில் சரியாகவே இருந்தது. ஆனால் கட்டி சின்னதாக இருக்கும்போது பல பேருக்கு அது சரியாகத்தான் இருக்கும். டாக்டரம்மா யோசித்தார். "இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்பு. ஆளைப் பயமுறுத்தாம ஸ்கேனுக்கும் வரச் சொல்லு" என்றார்.

ஏழுமலைக்குப் போன் போட்டேன். "ரத்தத்துக்கு வர்றேங்க. ஸ்கேனு அப்பறம் பாத்துக்கலாங்க" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து டவுன்ஷிப் முழுக்க ஒரே பேச்சு. கான்ட்ராக்ட் ஆட்களில் சீனியாரிட்டிப்படி சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள், பட்டியல் வரப்போகிறது என்று. எங்கள் ஊரில் பெர்மனென்ட் என்பது வெறும் சம்பளம் இல்லை. குவார்ட்டர்ஸ், மருத்துவம், கல்யாணச் சந்தையில் மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. பட்டியலில் பெயர் வந்தவர் மெடிக்கலில் தேறவேண்டும். அதனால் ஊரில் பாதிப் பேர் குடியை நிறுத்திவிட்டு விடியற்காலையில் ரவுண்டானாவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை நெரிசலில், "ஏழுமலை" என்று நான் கூப்பிட்டபோது ஒரு கை வந்து நீண்டது. அருமையான கை. குழாய் மாதிரி நரம்பு. பச்சை ட்யூப்பில் எடுத்தேன், சர்க்கரை முதலான சாதாரணப் பரிசோதனைகளுக்கும் எடுத்தேன். அடுத்த நாள் அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் புதுச்சேரியிலிருந்து போன். ஆராய்ச்சி டாக்டருக்குக் குரலே நிலைகொள்ளவில்லை. "மேடம், ஏழுமலைக்கு வைரஸ் கிளியர் ஆயிருக்கு! சுத்தமா இல்ல! களைச்ச செல் எல்லாம் தெளிஞ்சு இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு! இப்படி நடக்கறது அபூர்வம் மேடம், இதை நான் கான்பரன்ஸ்ல பேசப்போறேன்!"

செய்தி கசிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழுமலை ஒரே நாளில் சித்தராகிவிட்டார். அவர் கீழாநெல்லி சாப்பிட்டார் என்று வார்டு ஆயா அடித்துச் சொன்னாள். வெறும் வயிற்றிலா மோரிலா என்று கணக்குப் பிரிவில் இரண்டு கட்சிகள் உருவாயின. பிளாக் பிளாக்காக வேலியோரத்தில் கீழாநெல்லி தேடிக் குனிந்த முதுகுகளை நானே பார்த்தேன்.

டாக்டரம்மா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு ரிப்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கிய கால் கீழே இறங்கியது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"விமலாங்க."

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஆளு எப்படிங்க இருந்தாரு?"

"கை நல்லா இருந்துச்சு மேடம்."

"கையைக் கேக்கலீங்க. போன தடவை சர்க்கரை சரியா இருந்துச்சு. இப்ப எகிறிக் கெடக்குது. வருஷக்கணக்கா குடியிருந்த வைரஸ் சொல்லாம கொள்ளாமக் காலி பண்ணிட்டுப் போனதுமில்லாம, போறப்ப சர்க்கரையை வேற வெச்சுட்டுப் போயிருக்குதுங்களா? மிச்சம் ரத்தம் இருந்தா குரூப் பாருங்க."

பார்த்தேன். முகாமில் கொடுத்தபோது ஏழுமலை ஓ பாசிட்டிவ். இது பி பாசிட்டிவ்.

"வைரஸ் எங்கயும் போகலீங்க. ஆளுதான் போயிட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுத்தார். "ட்யூப்பை எடுத்துட்டு வாங்க."

பலாப்பழ சீசன். முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் முந்திரி, பலாத் தோப்புகளைத் தாண்டும்போதெல்லாம் பழ வாசனை காருக்குள் வந்து போனது. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனால் பக்கத்தில் இருப்பவர் எல்லா வாக்கியத்திலும் 'ங்க' போட்டுக்கொண்டிருக்கும் நாளில் சிரிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஏழுமலையின் வீட்டுக்கு நாங்கள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். அவர் முன்னால் ஒரு தட்டில் களி, பக்கத்தில் பாகற்காய். அதை அவர் தண்டனை மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், பெண்டாட்டியின் தம்பி சக்திவேல், முழுப் பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு கையில் எண்ணெய் வழியச் சுளை சுளையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அவரும் அதே பெல்ட்டில் அதே கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்.

எங்களைப் பார்த்ததும் மச்சான் மாமன் இரண்டு பேர் கையும் அந்தரத்தில் நின்றுவிட்டன. ஏழுமலையின் மனைவி செல்வி மட்டும் சந்தோஷமாக ஓடிவந்து நாற்காலி போட்டார்.

"வாங்கம்மா, வாங்க. நானே வரணும்னு இருந்தேன். எங்க வூட்டுக்காருக்கு சக்கர எப்பங்க எறங்கும்? காயிதத்துல அவ்ளோ இருந்துச்சின்னு சோத்தையே நிறுத்திப்புட்டேன். வேளா வேளைக்குக் களியும் பாவக்காயும்தான் போட்டுகினு இருக்கேன். டீக்குக்கூட சக்கர கெடையாது. பாருங்க, ஆளு எப்படி எளச்சிப் பூட்டாரு."

நான் மச்சானைப் பார்த்தேன். முகத்தை இல்லை. முழங்கை மடிப்பை. குழாய் மாதிரி நரம்பு. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சக்திவேலிடம் மிகுந்த பணிவோடு, "தம்பிங்க, அந்தச் சுளையைக் கீழ வெச்சுப்போடுங்க. சர்க்கரை உங்களுக்குங்க" என்றார்.

"எனக்கா? அது மாமாவோட காயிதம்ங்களே..."

"பேரு மாமாவோடதுங்க. ரத்தம் உங்களுதுங்க."

செல்வி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இன்னாய்யா நடந்துச்சி?" என்று புருஷனைக் கேட்டார். அவர் களியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதான் வாயைத் திறந்தார்.

"அக்கா, கோவிச்சிக்காத. டூட்டி மாத்திக்கிற மாதிரிதான். நான் சொந்தக்காரப் பொண்ணு நிச்சயத்துக்குப் போனப்ப மாமா என் ஷிப்ட்ட பாத்தாரு. கோயில் திருவிழாவுக்கு அவரு போனப்ப நான் பாத்தேன். பெல்ட்டுல இத்தினி ஆளு நிக்கணும், ஆளு நின்னா போதும். யாரு மூஞ்சிய யாரு பாக்கறாங்க? அதே மாதிரிதான் ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஆளு வரணும்னாங்க, போனேன்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நானும் அப்படித்தான் கையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் செல்விக்கு அந்த நியாயம் எல்லாம் ஏறவில்லை. களித் தட்டைத் தூக்கித் தம்பியின் முன்னால் வைத்தார். பலாப்பழத்தைப் புருஷன் பக்கம் தள்ளினார். "துன்னு. இனிமே நீ துன்னு இத" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"பத்து நாளா வாயத் தொறக்காம பாவக்கா துன்னுகினு இருந்தியே, அப்பகூட சொல்லத் தோணலியா? எதுக்குய்யா இப்பிடிப் பண்ணே?"

டாக்டரம்மாவே அவருக்குப் பதிலாகச் சொன்னார். "பெர்மனென்ட் மெடிக்கல்ல தள்ளிப்போடுவாங்கன்னு பயந்திருக்காருங்க. ஏனுங்க ஏழுமலை, இந்தக் கிருமி இருக்குதுன்னு யாரையும் வேலைக்கு ஆகாதுன்னு நான் எழுதினதில்லீங்களே. கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

ஏழுமலை தலையை ஆட்டினார். "கிருமிக்குப் பயப்படலீங்க" என்றார். வழக்கமான 'ஒண்ணுமில்லீங்க' அன்றைக்கு வரவில்லை.

"எங்கப்பா வயிறு ஊதித்தான் செத்தாரு. எங்க அண்ணனும் அப்பிடியேதான். ரெண்டு பேரும் கான்ட்ராக்ட்டு. மால போட்டாங்க, வேன் வெச்சி வூட்டுக்கு அனுப்பினாங்க, அத்தோட முடிஞ்சிது. அண்ணி இன்னும் முந்திரி ஒடச்சிகினு இருக்குது, அந்த எண்ண பட்டு ரெண்டு கையும் வெந்து கெடக்குது. எனக்கும் அதுதான் வரும்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்ங்க. இப்பல்லாம் வலதுபக்கம் படுக்க முடியல. பெர்மனென்ட் ஆயிட்டுச் செத்தா இவளுக்கு ஒரு வேல குடுப்பாங்க. லிஸ்டு வர்ற வரைக்கும் எனக்கு இன்னா இருக்குதுன்னு யாரும் கண்டுபுடிச்சிடக் கூடாதுங்க. அவ்ளோதான். அப்பறம் இன்னா வேணா ஆவட்டும்."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியை ஏமாற்றப் பார்த்த ஒரு பயந்தாங்கொள்ளியைப் பிடிக்க வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளோ உட்கார்ந்து தன் சாவைத் திட்டம் போட்டு, அதற்குத் தேதி மட்டும் தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தானையை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

செல்வி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"உன் சாவுல எனக்கு வேல வாங்கிக் குடுன்னு நான் எப்பய்யா கேட்டேன்?" என்றார். "நீ பூட்டப்பறம் அந்த டிரஸ்ஸப் போட்டுகினு, நீ போற அதே கம்பெனி பஸ்ஸுல ஏறி, நீ நிக்கற அதே எடத்துல நான் போய் நிக்கணும், அதானே? எனக்கு அந்த வேல வேணாம். நீ இரு. களி கிண்டியாவது துன்னலாம்."

பிறகு குனிந்து அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து என் முன்னால் நீட்டினார். "எடுங்கம்மா. இது அவரு கைதான். நான் புடிச்சிகினு இருக்கேன்."

அவர் பிடித்த பிடியில் ரப்பர் பட்டைக்கு வேலையே இல்லாமல் நரம்பு தானாக எழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழுமலையை உட்காரவைத்து, ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்து குத்தினேன். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏழுமலை, நீ போட்ட கணக்கு தப்பில்ல. ஆனா வயிறு ஊதின பிறகு வந்தவங்களைத்தான் நீ பாத்திருக்கே. முன்னாடியே வந்தவங்களை நான் பாத்திருக்கேன். அவங்க சாகல" என்றார். எல்லா 'ங்க'வும் போய்விட்டது. கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பச்சை ட்யூப்பை இட்லி டப்பாவில் படுக்கவைத்து அன்றைக்கே அனுப்பினோம். களைத்த செல்கள் முன்னைவிட அதிகமாக இருந்தன. ஆராய்ச்சி டாக்டருக்குக் கான்பரன்ஸ் போனது, ஆனால் மனுஷன் முணுமுணுக்காமல் ஸ்கேனுக்கு அவரே ஓடி ஓடி ஏற்பாடு செய்தார். கல்லீரலின் வலது ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. வேறெங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். ரத்தத்திலேயே கேன்சரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எங்கள் லேப்பில் ஒருவர் குதித்தபோது டாக்டரம்மா அவரை உட்காரவைத்தார். "ரத்தம் சந்தேகம் சொல்லிச்சு. கண்டது ஸ்கேன். ரெண்டையும் குழப்பி ஊரெல்லாம் சொல்லாதே, அப்புறம் கீழாநெல்லிக் கதைதான்" என்றார். வாட்ஸ்அப்பில் கேட்ட பெண்ணே, உனக்கும் இதுதான் பதில்.

ஏழுமலை பெர்மனென்ட் ஆனாரா என்று இந்தக் கதையைக் கேட்கும் எல்லோரும் கேட்கிறார்கள். நான் ஓய்வு பெறும்வரை ஆகவில்லை. ஏன் என்பதற்கு நானே சாட்சி. ஆபரேஷன் முடிந்து அவர் புதுச்சேரியில் வார்டில் படுத்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். வயிற்றில் நீளமாகக் கட்டு. செல்வி ஸ்பூனில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சக்திவேல் கட்டில் காலடியில் உட்கார்ந்து சர்க்கரை மாத்திரையை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஏழுமலையின் போன் அடித்தது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பட்டியல் வந்துவிட்டது, ஏழுமலை பெயர் இருக்கிறது, நாளைக்குக் காலையில் மெடிக்கல், நேரில் வந்தாகவேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

சக்திவேல்தான் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "மாமா, நான் வேணா போய்ட்டு வரட்டா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏழுமலையும் சிரித்தார். தையல் இழுக்க, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். இருபது வருடம் கரி அள்ளிக் காத்திருந்த பெயர் வந்துவிட்டது, எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. வாய்விட்டு அழுதார். போனில் சூப்பர்வைசர், "ஏழுமல, ஏழுமல, லைன்ல இருக்கியா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

செல்வி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையிலிருந்த போனை வாங்கினார்.

"அவரு வரமாட்டாருங்க" என்றார். "உசுரோட இருக்காரு."